கடைசியாக ஏறுகிறவள்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரைப் பிள்ளைகள் ‘கறார் மாமா’ என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை. நேரத்துக்கு வராத பிள்ளைக்காக நிற்க மாட்டார் என்று பேர். ஆனால் தெருமுனை திரும்பியதும் வண்டியை ஓரங்கட்டி, டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூச்சிரைக்க ஓடி வருகிற பிள்ளை ஏறிக்கொண்டதும் டயர் தானாகச் சரியாகிவிடும்.

அவருடைய மகளும் அதே வேனில்தான் போய்வந்தாள். “டிரைவர் பொண்ணுக்குத்தான் தினமும் ஜன்னல் சீட்டு” என்று யாரோ ஒரு அம்மா சொன்னது ஒருநாள் காதில் விழுந்துவிட்டது. மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளிலிருந்து மகள் எல்லோருக்கும் கடைசியாகத்தான் ஏற வேண்டும். கதவோரம் இருக்கிற மடக்கு சீட்டில்தான் உட்கார வேண்டும். ஏறியபின் கதவை இழுத்துச் சாத்துவதும் அவள் வேலை. அந்தச் சத்தம் கேட்டதும் இவர் கியர் போடுவார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

“பெத்த பிள்ளைய இப்படியா கடைசியில நிறுத்துவீங்க?” என்றாள் மனைவி.

“நம்ம பிள்ளைதானே, யாரு கேட்கப்போறா?” என்றார்.

யாரும் கேட்கத்தான் இல்லை. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

பள்ளிக்கூடம் காட்டை ஒட்டிய மேட்டில் இருந்தது. வெயில் காலம் வந்தால் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிடும். எங்காவது ஒரு பொறி போதும். அதனால் தீ வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிடும்படி பள்ளியில் சொன்னார்கள். இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பயம் காட்டாமல், சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

“மூணு தடவை நீளமா ஹாரன் அடிப்பேன். கைக்குட்டைய நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு வந்துடணும். பையெல்லாம் அங்கேயே கிடக்கட்டும். கணக்குப் புத்தகம் எரிஞ்சா யாரு அழப்போறீங்க?”

“யாருமில்ல மாமா” என்று வேனே அதிர்ந்தது.

“வண்டியைத் தவறவிட்டுட்டா?” என்று ஒரு பொடியன் கேட்டான்.

“புல்லு இல்லாத இடமாப் பார்த்து, தண்ணித் தொட்டிகிட்ட குனிஞ்சு உட்காரணும். ஆனா நான் யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேன்டா.”

மகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை கொடுத்தார். கடைசியாக ஏறுகிறவள் அவள்தானே? வராந்தாவில் யாராவது நின்றுவிட்டார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வர வேண்டும்.

தீ வந்தது ஒரு மத்தியானம். காற்று திசை மாறி, பள்ளிக்குப் பின்னால் இருந்த சரிவு பற்றிக்கொண்டது. இவர் ஹாரன் அடித்தார். பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடியே ஈரக் கைக்குட்டையோடு வந்து ஏறினார்கள், ஒருவர்கூட முண்டியடிக்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பினார். புகையில் கண்ணாடி எதையும் காட்டவில்லை. வழியில் நிற்கிறவர்கள் விலகட்டும் என்று ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடிவாரத்து மைதானம்வரை இறங்கினார்.

அங்கே அம்மாக்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிக் கையில் கொடுத்தார். அன்றைக்கு ஜன்னல் சீட்டைப் பற்றிச் சொன்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் அவர் மனைவி வந்து நின்றாள்.

“அவ எங்க?”

“ஏறிட்டாளே. கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சே” என்றார். மடக்கு சீட்டு மடங்கியபடியே இருந்தது.

கதவைச் சாத்தியது டிராயிங் டீச்சர். புகை உள்ளே போகிறதே என்று ஓடிவந்து வெளியிலிருந்து தள்ளிச் சாத்திவிட்டு, முன்வாசலில் நின்ற இன்னொரு வண்டியைப் பார்க்க ஓடியிருக்கிறாள். அவள்மேல் என்ன தப்பு? மகள் அப்போது வராந்தாவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் அவளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்பா சொன்னபடியே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, ஈரத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாளாம். முழங்கையில் மட்டும் கொப்புளம். “நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் உயிரைக் காப்பாத்துச்சு” என்று அவரிடம் சொன்னார்கள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

“பின்னாடியே ஓடி வந்தேன்ப்பா. கத்துனேன். ஹாரன் சத்தத்துல உங்களுக்குக் கேட்கல போல” என்றாள்.

அதற்குப் பிறகு மற்றப் பிள்ளைகளையெல்லாம் அவர்தான் தேற்றினார். அடுப்புப் புகையைக் கண்டாலே அலறுகிற பொடியனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பயமாக இருந்தால் சொல்லு, வண்டியை நிறுத்துகிறேன் என்பார். சொன்னபடி நிறுத்தவும் செய்தார். கொஞ்ச நாளில் அவன் நிறுத்தச் சொல்வதை மறந்துபோனான். ஊரார் பிள்ளைக்கெல்லாம் மருந்து வைத்திருந்தவருக்கு, சொந்தப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

பள்ளி மறுபடி திறந்த அன்று மகளைத்தான் முதலில் ஏற்றினார். தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தார். யாராவது ஏதாவது சொல்லட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று இருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஏறினார்கள். கதவு சாத்தப்பட்டது.

“நான் ஏறிட்டேன்ப்பா” என்றாள் பின்னாலிருந்து.

பிள்ளைகள் சிரித்தார்கள்.

“முதல்ல ஏறுனதே நீதானே கண்ணு” என்றார்.

“சும்மா சொன்னேன்ப்பா.”

மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். பிள்ளைகள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு, அப்பாவும் மகளும் மட்டும் வீடு திரும்பும்போதுகூட, கதவைச் சாத்தியதும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவை இழுத்துச் சாத்தினார். வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நான் உள்ளே இருக்கேன்ப்பா.”

அவர் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, “பார்த்துட்டேன்டா” என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் சாத்தினார்.