கெர்லிண்டின் லென்ஸ் ஏன் சாய்ந்தது

நேராகப் பற்றவைத்த லென்ஸ், சூடு ஆறியதும் ஏன் சாய வேண்டும்? அன்று என்னைக் கேட்டிருந்தால் நானும் திருதிருவென்று விழித்திருப்பேன். கெர்லிண்டுக்கோ அந்தக் கேள்வி தூக்கத்தையே கெடுத்தது.

ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அவள் வேலை லேசர் பற்றவைப்பு. மணல் பருமன்கூட இல்லாத சால்டர் என்ற பற்றாசு உலோக உருண்டையை லேசர் உருக்கும். நைட்ரஜன் காற்று அதை லென்ஸும் உலோக வளையமும் சேரும் இடத்தில் போய் ஒட்டவைக்கும். விண்கலத்துக் கேமராவுக்கான லென்ஸ் அது. பசை வைத்தால் விண்வெளியில் அதிலிருந்து ஆவி கிளம்பிக் கண்ணாடியை மங்கவைக்கும் என்று சண்டை போட்டு, இந்த வேலையை அவள்தான் வாங்கியிருந்தாள்.

இரண்டு சோதனை லென்ஸ்கள் சாய்ந்துவிட்டன. மூன்றாவதும் சாய்ந்தால் அசல் லென்ஸ், பசையால் லென்ஸ் ஒட்டும் சக ஊழியன் ஃபால்கோவிடம் போய்விடும் என்று தலைவி அல்மூத் சொல்லிவிட்டாள்.

மூன்றாவதைப் பற்றவைத்து, ஆறட்டும் என்று வழக்கம்போலக் காபி அறைக்கு வந்தாள் கெர்லிண்ட். வந்ததும் ஜன்னலை அகலத் திறந்தாள். வெளியே பனி.

"அம்மா தாயே, மூடு. குளிர் காத்து கழுத்துல அடிக்குது," என்றான் ஃபால்கோ.

"உன் பசை நாத்தம் வெளிய போக வேணாமா?"

"என் பசை நாறினாலும் நேரா நிக்குது. உன்னோடது?"

ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு அளவிடும் அறைக்குப் போனாள். லென்ஸ் சாய்ந்திருந்தது. அசல் லென்ஸ் கைமாறியது.

அவளுக்கு மனம் ஆறவில்லை. அடுத்த வாரம் யாரிடமும் கேட்காமல் உபரிக் கண்ணாடி ஒன்றைப் பற்றவைத்தாள். ஆறட்டும் என்று காபி அறைக்கு வந்தால், அன்று ஃபால்கோவுக்குக் கழுத்துச் சுளுக்கு. சால்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஜன்னலைத் திறந்தேன்னா, உன் காபியை உன் தலையிலேயே ஊத்துவேன்."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப்போய் அளந்தாள். லென்ஸ் நேராக இருந்தது. மறுபடி அளந்தாள். நேர்தான். இன்று மட்டும் எதை விட்டேன் என்று யோசித்தவள், ஃபால்கோ எழுந்துபோனதும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஓடிவந்து அளவுக் கருவியைப் பார்த்தாள். எண் மெல்ல நகர்ந்தது. கருவி மாட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் காபி அறை. சுவர் குளிர்ந்து கருவிதான் சாய்ந்திருக்கிறது. லென்ஸ் அசையவே இல்லை. ஃபால்கோ அளந்ததெல்லாம் இரவு முழுக்கப் பசை இறுகிய பின், காலையில், யாரும் ஜன்னலைத் தொடுவதற்கு முன்.

அல்மூத்திடம் ஓடினாள்.

"ஜன்னலா? திறந்தது யாரு?"

"நான்தான். எல்லாரும்தானே திறக்கறோம்."

அல்மூத் நெற்றியைத் தேய்த்தாள். "நேத்தே பசை இறுகிடுச்சு கெர்லிண்ட். இனி பிரிச்சா லென்ஸ் உடையும். வேற லென்ஸ் செய்ய நேரமில்ல."

அந்தக் கேமரா பசையோடுதான் போகிறது. அது மங்குமா மங்காதா என்பது மேலே போன பிறகுதான் தெரியும். கெர்லிண்ட் ஜன்னலில் 'திறக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். மதியத்துக்குள் யாரோ திறந்துவிட்டார்கள், அறை புழுங்கியதாம்.

நுட்பமாக எதையாவது அளக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தால், தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்வதற்கு முன்பே அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.