நிறைந்த கிண்ணம்

கனிஷாய் தேநீர் ஊற்றுவதில் யாரும் குறை சொன்னதில்லை. கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, காலியாகக் காலியாக ஊற்றுவாள். கிர்கிஸ் மலையூரான நாரினில் நல்ல மருமகளுக்கு அதுதான் அடையாளம்.

அன்று வந்திருந்தவர் மாமனாரின் அண்ணன். ஊற்றும்போதே அவள் பார்வையின் இடது பக்கம் ரம்பப் பல் போன்ற வெளிச்சம் நெளிந்தது. கிண்ணத்தின் பாதி கண்ணுக்குத் தெரியவில்லை. தேநீர் விளிம்பு தாண்டி விரிப்பில் வழிந்த பிறகே கையை நிறுத்தினாள்.

பெரியவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"நிறைச்சு ஊத்திட்டா. குடிச்சிட்டுக் கிளம்புங்கிறா. சரி, குடிக்காமலே கிளம்பறேன்."

மாமியார் துர்சுனாய் தெருவரை அவர் பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது கனிஷாய் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"விருந்தாளி வந்தாத்தான் உனக்குத் தலைவலி வருமா? நாளைக்கு டாக்டர்கிட்ட வா. கண்ணு கெட்டுப்போச்சுன்னு அவங்க வாயால சொல்லட்டும். அப்பத்தான் நான் பெரியவர் வீட்டு வாசப்படி மிதிக்க முடியும்."

டாக்டர் ஒரு பெண். முக்காட்டை எடுக்கச் சொல்லிப் பரிசோதித்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒற்றைத் தலைவலி. ஆனா இப்படிப் பார்வை மறைஞ்சு வர்றவங்களுக்கு மூளையில ரத்தம் அடைச்சுப் பக்கவாதம் வர்றதுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு. கருத்தடை மாத்திரையும் சேர்ந்தா இன்னும் கூடும். சாப்பிடறியாம்மா?"

துர்சுனாய் சிரித்துவிட்டாள்.

"நல்லாக் கேட்டீங்க. ரெண்டும் பொட்டையாப் போச்சு, ஒரு பேரன் வேணும்னு இவளைக் கூட்டிக்கிட்டு நான் போகாத புனித ஊத்து இல்ல. எந்தத் தண்ணி குடுத்தாலும் மறு பேச்சில்லாமக் குடிப்பா, தங்கம்."

கனிஷாய் தரையைப் பார்த்தாள். அந்தத் தண்ணீரையெல்லாம் குடித்த வாயால்தான் தினமும் அடுப்பு மூட்டும் நேரத்தில் மாத்திரையை விழுங்கினாள். கணவனுக்கும் தெரியாது.

டாக்டர் அவளையே பார்த்தார். அவள் எழுந்தாள். முக்காட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நடைபாதையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமானவள் அவர்கள் முன்னால் வெறுந்தலையோடு நிற்கக் கூடாது. "ஐயோ, தலை" என்றாள் துர்சுனாய்.

"மறந்துட்டேன் அத்தை. எடுத்துட்டு வர்றேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"இன்னியோட நிறுத்திடு" என்றார் டாக்டர். "கருத்தடைக்குப் பயமில்லாத வேற மருந்து இருக்கு. புதன்கிழமை தனியா வா. கையோ காலோ மரத்தாலும், வாய் குழறினாலும் தலைவலிதானேன்னு படுத்துடாதே, உடனே ஓடி வரணும்."

வெளியே துர்சுனாய் தன்னுடைய முக்காட்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். நரைத்த தலை எல்லோருக்கும் தெரிந்தது.

"நீ வர நேரமாச்சு. இதையாவது போட்டுவிடலாம்னு எடுத்தேன். முக்காட்டையே மறக்கிற அளவுக்கு வலியாடி? நான் வேற திட்டிட்டேன்."

கனிஷாயால் நிமிர முடியவில்லை. மாமியார் அதை வலி என்று எடுத்துக்கொண்டு, படிகளில் அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.