மேடானில் கட்டிய மாடி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் நாங்கள் போன எல்லா விருந்துகளிலும் ஆண்கள் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். யார் எங்கே என்ன வாங்கினார்கள் என்பது. ஒருவர் அடுக்குமாடியில் ஒரு காண்டோ வாங்கியிருப்பார். ஒருவர் ஃப்ரீவே ஓரத்தில் காலி நிலம் வாங்கியிருப்பார். ஒரு டாக்டர் மோட்டலில் கால் பங்கு வாங்கியிருந்தார். என் கணவர் எதுவும் வாங்கியிருக்கவில்லை. குடியிருக்கிற வீடு கணக்கில் சேராது, அது வீடு, முதலீடு இல்லை என்று அந்த டாக்டர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகவே என் கணவர் தயிர்சாதத் தட்டை வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் எரிவாயு ஆலைகளுக்கு டிசைன் போடும் இன்ஜினியர். எதையும் கிராஃப் பேப்பரில் வரைந்து பார்த்தால்தான் நம்புவார். கம்பெனி அவரை இரண்டு வருஷத்துக்கு இந்தோனேஷியாவுக்கு அனுப்பியது. சுமத்ராவில் மேடான் என்ற ஊர். எங்கள் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. ஹூஸ்டன் வீட்டை அவருடைய ஆபீஸ்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டோம். வழியனுப்பு விருந்தில் டாக்டர் என் கணவரின் தோளில் கை போட்டு, "அங்க லேண்ட் ரொம்ப சீப்பா இருக்கும். வாங்கிப் போட்டுட்டு வாங்க" என்றார். அவர் இந்தோனேஷியாவுக்குப் போனதில்லை.

மேடானில் விமான நிலையம் அப்போது ஊருக்கு நடுவிலேயே இருந்தது. எங்கள் தெரு அதற்குப் பக்கத்தில். விமானம் போகும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு, அது போனதும் மீதிப் பாதியைச் சொல்வார்கள். யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் நாங்களும் அப்படியே ஆனோம்.

வீட்டுக்காரம்மாள் ஒரு தலைமை ஆசிரியரின் மனைவி. கணவர் இறந்தபின் முன்பக்கத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பின்னால் இரண்டு அறைகளில் இருந்தார். எல்லோரும் அவரை 'இபு' என்றார்கள். அம்மா என்று அர்த்தம். கல்யாணமான பெண் யாராயிருந்தாலும் அந்த ஊரில் இபுதான். அதனால் அவர் எனக்கு இபு, நான் அவருக்கு இபு. கடைக்கு அங்கே 'கெடாய்', கப்பலுக்கு 'கப்பால்', புருஷனுக்கு 'சுவாமி'. "உன் சுவாமி சாப்பிட்டாரா?" என்று இபு முதல் வாரம் கேட்டபோது, நான் வீட்டில் இன்னும் சாமி படம் எதுவும் மாட்டவில்லை என்று பதில் சொன்னேன்.

மாலையில் இபு கிணற்றடியில் துணி மடிப்பார். நான் போய் உட்கார்வேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு அவர் பாஷை கொஞ்சம். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் நான்கு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள் எத்தனை பிள்ளை பெற்றவள் என்றுகூட எனக்குத் தெரியாது. இபுவின் மாமியார் எந்த வியாதியில் போனார் என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது.

என் கணவருக்கு அந்த வீட்டின் மொட்டை மாடியைப் பார்த்ததும் டாக்டர் ஞாபகம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அங்கே நிலம் வாங்க முடியாது. ஆனால் குத்தகைக்கு எடுக்கலாம். கிராஃப் பேப்பர் வெளியே வந்தது. எங்கள் செலவில் மாடியில் நாலு அறை கட்டுவது. கம்பெனிக்கு வரப்போகிற கல்யாணமாகாத இன்ஜினியர்களுக்கு வாடகைக்கு விடுவது. பத்து வருஷத்துக்கு வாடகையில் முக்கால் பங்கு எங்களுக்கு. அப்புறம் எல்லாமே இபுவுக்கு. அவர் இதை இபுவின் சாப்பாட்டு மேஜையில் விரித்து அரை மணி நேரம் விளக்கினார். இரண்டு விமானம் போயின.

இபு கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த இன்ஜினியர்கள் குடிப்பார்களா?"

"குடிப்பாங்க" என்றேன்.

"அப்படியானால் படிக்கட்டு வெளிப்பக்கம் இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. படிக்கட்டு வெளிப்பக்கம் கட்டப்பட்டது. சேமிப்பில் பெரும்பகுதி மேலே போனது. என் கணவர் தினம் ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றாமலே மேலே ஏறி, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்குவார். ஜன்னலுக்குப் பச்சை பெயின்ட் அடித்த அன்று மாடி முன்னால் நின்று படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். அந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார். கல்யாணப் படத்தில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் எண்ணெய் விலை விழுந்தது. கல்யாணமாகாத இன்ஜினியர்கள் வரவில்லை. கல்யாணமான இன்ஜினியர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கம்பெனி மேடான் ஆபீஸை மூடி எங்களைத் திரும்பக் கூப்பிட்டது. இபு விமான நிலையத்துக்கு நடந்தே வந்தார். என் பெண் அவர் புடவை போலக் கட்டியிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள், அவர் பாஷையிலேயே. என் கணவர் இபுவிடம், "ரூம் எல்லாம் காலியா இருக்கு, ஸாரி" என்றார். இபு, "காலி அறையில் ஈரம் ஏறும். நான் ஆள் பார்க்கிறேன்" என்றார்.

ஹூஸ்டனில் எங்கள் தெருவில் எட்டு வீடு. நாலு வீட்டில் ஆள் இல்லை. கடன் கட்ட முடியாதவர்கள் சாவியைக் கவரில் போட்டு பேங்குக்கு அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் குடியிருந்தவரும் வேலை போய் ஊரைவிட்டே போயிருந்தார். வீட்டின் விலை நாங்கள் வாங்கியிருந்த கடனைவிடக் குறைவு என்று ஏஜென்ட் சொன்னார். ஆக, பூமியின் இரண்டு பக்கத்திலும் எங்களுக்கு யாருக்கும் வேண்டாத இடம் இருந்தது. விருந்துகளில் ஆண்கள் இப்போது பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிப் பேசினார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் கணவர் அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நான் கத்திரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"லே ஆஃப் பண்ணிட்டாங்க" என்றார். "மொத்த டிபார்ட்மென்ட்டும்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

சாப்பிட்டார். அதற்குப் பிறகும் ஆபீஸுக்குப் போகிற நேரத்துக்கே எழுந்துகொண்டார். தினம் காலையில் டை கட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போய் வேலை விளம்பரங்களைப் பார்ப்பார். நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்தேன். என் சம்பளம் வீட்டுக் கடனுக்குக் கிட்டத்தட்ட எட்டியது. கடைக்குப் போனால் வண்டியில் எடுத்து வைத்த சாமானில் பாதியைத் திரும்ப ஷெல்ஃபில் வைப்பேன். ஒரு நாள் ஒரு டப்பா மாம்பழக் கூழைத் திரும்ப வைத்தபோது என் பெண் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை காலை இபு போன் செய்தார். மாடி நாலு அறையும் நிறைந்துவிட்டது, நர்ஸிங் படிக்கிற பெண்கள், அறைக்கு இரண்டு பேர் என்றார். குடிக்கிறதில்லை, ஆனால் வெந்நீர் நிறையச் செலவு செய்கிறார்கள். உங்கள் பங்கை எப்படி அனுப்புவது என்று கேட்டார். அந்த ஊர்ப் பணத்தின் மதிப்பு சமீபத்தில் தடாலென்று இறங்கியிருந்தது. டாலராக மாற்றினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அப்புறம், பேச்சோடு பேச்சாக, தம்பி மகளுக்கு ஹூஸ்டனில் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டல் செலவைக் கேட்டுத் தம்பி படுத்துவிட்டான் என்றார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "இங்க அனுப்புங்க. எங்க வீட்டுல இருக்கட்டும். தம்பி ஹாஸ்டலுக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம், எங்க வாடகைப் பங்கை நீங்க அனுப்பவும் வேண்டாம், அங்கேயே வெச்சுக்குங்க."

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. விமானம் போகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, "அவளுக்குச் சாதம் நிறைய வேண்டும்" என்றார்.

"எங்களுக்கும்தான்" என்றேன்.

போனை வைத்ததும் என் கணவர் கேட்டார், "ஹாஸ்டலா நடத்தப் போறோம்?"

"ஒரு பொண்ணு வரா. அவ்வளவுதான்."

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"எந்த நாலு பேர்? நாலு வீடு காலியா இருக்கு."

அன்று மாலை அவர் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்த தன் வரைபட மேஜையைத் தானே கழற்றி கராஜில் கொண்டு வைத்தார். உதவி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஒரு டப்பாவில் போட்டு மூடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை அவரிடம் சொன்னதில்லை.

இபுவின் தம்பி பெண் வந்தாள். ஒல்லியாக, பெரிய சிரிப்போடு, பாதிப் பெட்டி நெத்திலிக் கருவாட்டோடு. எங்கள் வீடு சைவம். நெத்திலிக்குக் கராஜில் இடம் தரப்பட்டது. அவள் பாஷையில் மாமாவுக்கு 'ஓம்'. ஆகவே தினம் காலையில் மாடியிலிருந்து "ஓம்! ஓம்!" என்று சத்தம் வரும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, காரில் கொண்டு விட முடியுமா என்று கேட்பதற்காக. ஒரு நாள் டாக்டர் வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, "ரொம்ப பக்தியான பொண்ணு போல" என்றார். அவள் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவள். நாங்கள் திருத்தவில்லை. அவருடைய மோட்டல் மூடியிருந்தது, அதைப் பற்றி அவரும் பேசவில்லை.

அடுத்த செமஸ்டரில் அவள் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள். இவர்கள் வாடகை கொடுத்தார்கள். வீட்டுக் கடன் சரியாகக் கட்டப்பட்டது. என் கணவர் லைப்ரரிக்கு டை கட்டிக்கொண்டு போவதை நிறுத்தினார். மூன்று பேருடைய கால்குலஸ் பரீட்சைக்கும் சாப்பாட்டு மேஜையில் கிராஃப் பேப்பர் விரிக்கப்பட்டது. குளியலறைக் கதவில் டைம்டேபிள் ஒட்டினார். அதை அவர்கள் மதிக்கவில்லை, அவர் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒட்டினார்.

பிறகு தெரு வீட்டுக்காரர்கள் சங்கத்தின் தலைவர் வந்தார். ரிடையரான மனிதர், வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறவர். புல் உயரமாக வளர்ந்தால் கடிதாசி அனுப்புகிறவர். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்று விதி இருந்தது.

"இந்தப் பெண்கள் உங்கள் உறவினரா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அவங்க என் அக்காங்க." அவள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பாஷையில் பெரிய பெண்களை 'ககாக்' என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். அதைத்தான் மொழிபெயர்த்தாள்.

தலைவர் எங்களையும் அந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் ஒரே நாடா?"

"ஆசியா" என்றார் என் கணவர்.

தலைவர் போய்விட்டார். அடுத்த வாரம் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மகன் வேலை போய் டல்லாஸ் பக்கம் போய்விட்டான், இதே தெருவில் இருக்கிற அவன் வீட்டை விற்கவும் முடியவில்லை, கடனையும் தானே கட்ட வேண்டியிருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் எங்கள் புல்லைப் பார்த்தார்.

"உங்களுக்கு இன்னும் யாராவது உறவினர் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

காலேஜில் விசாரித்தோம். ஜகார்த்தாவிலிருந்து நாலு பையன்கள் கிடைத்தார்கள். மகனுடைய வீட்டுக்கு என் கணவரே அழைத்துப் போய்க் காட்டினார். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் 'குடும்பம்' என்ற வார்த்தைக்கு விளக்கம் திருத்தப்பட்டதாகக் கடிதாசி வந்தது.

இரண்டு வருஷம் கழித்து நியூஜெர்சியில் பிஸ்கட்டவே பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் என் கணவருக்கு வேலை கிடைத்தது. ஹூஸ்டன் வீட்டை வாங்கின விலைக்கே விற்றோம், அதையே பெரிய லாபமாக நினைத்தோம். மேடான் குத்தகை இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. என் கணவர் இபுவுக்குப் போன் செய்து, மாடி இனிமேல் முழுக்க உங்களுடையது, அந்தப் பெண்ணின் மிச்சப் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இபு மறுத்தார். இவர் வற்புறுத்தினார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை அவ்வளவாக இல்லாததால் சீக்கிரம் முடிந்தது.

கிளம்புகிற அன்று எங்கள் பழைய காரை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தோம். தோழிகளோடு அவள் காலேஜ் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குப் போவதாக இருந்தாள். நிற்கும்போதே அழுதுகொண்டிருந்தாள். என் பெண்ணும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கணவர் சாவியைக் கொடுத்துவிட்டு, மூவாயிரம் மைலுக்கு ஒரு தரம் ஆயில் மாற்ற வேண்டும் என்றார். முன் டயர் இரண்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மழையில் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கக் கூடாது என்றார். "சரி ஓம்" என்றாள். பேட்டரி போன வருஷம்தான் மாற்றியது என்றார். "சரி ஓம்."

குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு அடுத்த டயருக்குப் போனார். நிறுத்தினால் அழுதுவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் போய்ச் சாமான் ஏற்றியிருந்த வேனில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அவர் நாலு டயரையும் பார்த்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.