ராசாவின் சாவுக்குச் சுற்றிய சைக்கிள்

உரும்பிராயில் தலைமயிர் வெட்டக் காத்திருந்தேன். பக்கத்துக் கதிரைப் பெடியனின் கைபேசியிலிருந்து வயலின்கள் கூட்டமாக வந்தன. பாட்டு வருமென்று பார்த்தேன், வரவில்லை.

"ஒரு பழைய சோக நாடகத்தைப் படிச்சுப்போட்டு எழுதின இசை, ஐயா. உதிலைதான் ராசா சாகிறார்."

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் அப்படியொரு ராசா சாக, கரண்ட் கொடுத்தவன் நான்தான். சொன்னால் அவன் நம்பமாட்டான், உங்களுக்குச் சொல்கிறேன்.

சலூன் பவுடர் மணம் என்னைக் குருநகருக்குக் கொண்டுபோனது. நடிகர்கள் அதைத்தான் அப்பிக்கொள்வார்கள். சண்டையால் மின்சாரமும் பற்றறியும் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் கசற் பாடும். பங்குச் சுவாமியார் ஐரோப்பிய நாடகமொன்றைத் தமிழில் மேடையேற்றினார். அந்தக் கதைக்கென்றே எழுதிய வாத்திய இசையும் வைத்திருந்தார். சுற்றுவது என் வேலை. சம்பளம் மத்தியானச் சோறு. அப்போது அது நல்ல சம்பளம்.

ராசா, மரியதாஸ் அண்ணை. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை என்பதால் நாள் முழுக்கச் செத்துப் பழகினார். அவருக்குத் தகப்பனை நினைத்துத்தான் பயம். தகப்பன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். ஆடுகிறவனுக்குப் பின்னால்தான் மத்தளம் போகவேண்டும் என்பவர். "பாட்டில்லாமல் செத்தால் ஆரடா அழுகிறது?" என்று ஒத்திகைப் பக்கமே வராதவர், நாடகத்தன்று பின்னேரம் முன்வரிசையில் வந்து இருந்தார்.

கடைசிக் காட்சியில் கத்திக்குத்து வாங்கிய ராசா தள்ளாடும்போது என் கை சோர்ந்துவிட்டது. வயலின்கள் மாடு கத்துவதுபோல இழுத்தன. ராசா விழவேண்டிய முரசடி வரவில்லை. அண்ணை மேடையை இரண்டு தரம் சுற்றினார்.

"கெதியாச் சாங்கோ ராசா, தேத்தண்ணி ஆறுது" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சனம் சிரித்தது.

அண்ணாவியார் எழும்பினார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். மேடையோரம் வந்து, "தள்ளடா" என்று பெடலைப் பிடித்தார். மகனின் காலைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினார். கால் தயங்க வயலினும் தயங்கியது. முழங்கால் மடிய, அதுவும் மெல்ல இறங்கியது. தலை பலகையில் பட்ட நேரம் முரசடி விழுந்தது.

திரை மூடியதும் அண்ணை படுத்தபடியே கேட்டார். "எப்பிடி, அப்பு?"

"செத்தது போதும், எழும்பு" என்றார் அண்ணாவியார். அவருடைய கை இன்னும் பெடலை விடவில்லை.

இருவரும் இப்போது இல்லை. கசற்றும் இடப்பெயர்வில் போய்விட்டது. அலைந்த ஊர்களில் எத்தனையோ வாத்தியக் கோஷ்டிகளைக் கேட்டுவிட்டேன். சாகிறவனுக்காகக் காத்து நின்றது அது ஒன்றுதான்.