கட்டக் கூடாத கடா

அந்தக் கைம்பெண்ணின் ஆடுகளைக் கொன்றவர் எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தா. அம்மன் கொன்றதாகப் பாகூர்ப் பக்கம் பூராவும் இன்றைக்கும் சொல்கிறார்கள். பொய். கொன்றவர் அவர். கயிற்றை அவிழ்த்து விட்டவன் நான்.

தர்மகர்த்தா வீட்டில் மாரியம்மனுக்கு ஒரு கடா நேர்ந்து விட்டிருந்தார்கள். அப்படி விட்ட கடாவை யாரும் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. எந்த வீட்டுத் தொட்டியிலும் வாய் வைக்கும், எந்தப் பட்டியிலும் நுழைந்து படுக்கும். கரும்பைக் கடித்தால்கூடக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொள்வோம். நான் தர்மகர்த்தாவின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். என் பட்டியில் அது படுத்தால் எனக்குப் பெருமை.

ஒரு வருடம் வைகாசிக் கடைசியில் என் குட்டி ஒன்று பால் குடிக்காமல் நின்றது. காது கொதித்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. இரண்டு நாளில் உதட்டிலும் தொடை இடுக்கிலும், மயிரில்லாத இடமெல்லாம், துவரம்பருப்பு அளவுக்குத் தடிப்புகள். ஆட்டம்மை. எனக்குத் தெரியாமல் இல்லை. குட்டி செத்ததும் வைக்கோல் போருக்குப் பின்னால் புதைத்துவிட்டு, நரி தூக்கிப் போனதாக என் மனைவியிடம்கூடச் சொன்னேன். அம்மை இறங்கிய பட்டி என்றால் அம்மனுக்குக் குற்றம் செய்த வீடு என்பார்கள். அந்தப் பெயருக்குப் பயந்தேன்.

அந்தக் கைம்பெண்ணின் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது. புருஷன் செத்துப்போனபின் ஏழு ஆடுகள்தான் அவள் சோறு. பிறந்த வீடு எங்கள் பிரெஞ்சு எல்லைக்கு அப்பால், கடலூர்ப் பக்கம். அங்கே இதே நோய் வந்தபோது இங்கிலீஷ் சர்க்காரின் மாட்டு டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். காது சுடுகிற ஆட்டை அன்றைக்கே தனியாகக் கட்ட வேண்டும். அது குடித்த தண்ணீரை மற்றதற்கு வைக்கக் கூடாது. அதைத் தொட்ட கையோடு அடுத்த ஆட்டைத் தொடக் கூடாது. உதிர்கிற பொருக்கிலும் நோய் இருக்கிறது, கூட்டிக் கொளுத்த வேண்டும். செத்ததைத் தோல் உரிக்காமல் ஆழப் புதைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது பட்டியில் சேர்க்கக் கூடாது. இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

குளத்தங்கரையில் பெண்கள் சிரித்தார்கள்.

“இது பிரான்சு ஆடுடி. இங்கிலீஷ் டாக்டரு பேசறது இதுக்கு இன்னா புரியும்?” என்றாள் ஒருத்தி.

நானும் நின்று சிரித்தேன். குட்டியைப் புதைத்த மறுநாள் அது.

அந்த வாரமே அவள் நேர்ந்து விட்ட கடாவின் வாலடியில் தடிப்புகளைப் பார்த்துவிட்டாள். தனியாளாக ஏரிக்கரைக்கு இழுத்துப் போய்ப் பனைமரத்தில் கட்டினாள். தழை ஒடித்துப் போட்டு, சட்டியில் தண்ணீரும் வைத்தாள். அம்மன் கடாவைக் கட்டிவிட்டாள் என்று ஊர் கொதித்தது. தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டு அவிழ்த்துவிட்டு வரச் சொன்னார். வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர் என் பின்னால் வந்தார்கள்.

அவள் என்னைத் தடுக்கவில்லை.

“அண்ணா, அவுக்கறதுக்கு முன்னாடி வால தூக்கிப் பாரு. பாத்துட்டு அப்பறம் உன் இஷ்டம்.”

தூக்கிப் பார்த்தேன். வரிசையாகத் தடிப்பு. சில இடத்தில் பொருக்கு. என் குட்டிக்கு இருந்ததேதான்.

“உண்ணி கடிச்சிருக்குது” என்றேன்.

“உண்ணி எங்க? ஒன்ன புடிச்சுக் காட்டு.”

முடிச்சை அவிழ்த்தேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் மனம் கேட்காமல் தர்மகர்த்தாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். என் குட்டி செத்ததையும் சொன்னேன். அவர் திடுக்கிடக்கூட இல்லை.

“தெரியும்பா. எங்க வூட்டு ஆளு நாலு நாளைக்கு முன்னயே சொன்னான். திருவிழாவுக்கு வேற கடாவுக்கு எங்க போவேன்? வாய மூடிக்கினு இரு.”

மூடிக்கொண்டேன்.

அவள் பட்டி வாயில் முள் வைத்து அடைத்தாள். கடா முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. அடித்து விரட்டப் போனவளின் கையிலிருந்து கழியைப் பிடுங்கினார்கள். ஆனி முடிவதற்குள் ஏழில் ஐந்து செத்தன. மிஞ்சிய இரண்டும் சினை கலைந்து நின்றன. ஊரில் பட்டிக்குப் பட்டி குட்டிகள் விழுந்தன. கடா மட்டும் தேறிக்கொண்டது. கடாவைக் கட்டியதால்தான் ஊருக்கே அம்மன் கோபம் என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். அவளை ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றி வந்து, விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டாள். தர்மகர்த்தா விபூதி கொடுத்தார். எழுந்தவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் காறித் துப்பியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஆடியில் அந்தக் கடாவை வெட்டினார்கள். தோலெல்லாம் தழும்பு. எனக்கும் ஒரு பங்கு வந்தது. தின்றேன்.

இது நடந்து ஆறு வருடம். அவள் சோரியாங்குப்பம் வரைக்கும் நடந்துபோய் ஊரார் கழனியில் களை பறிக்கிறாள். எப்படியோ மறுபடி இரண்டு பெட்டைக் குட்டிகள் வளர்க்கிறாள். தர்மகர்த்தா வீட்டில் மறுபடி ஒரு கடா விட்டிருக்கிறார்கள். இன்று காலை அதன் மூக்கு ஒழுகுவதைப் பார்த்தேன். காதைத் தொட்டேன், சுட்டது. இந்த முறை நானே பிடித்துக் கட்டிவிட்டேன். அவிழ்க்க அவர் ஆள் அனுப்புவார் என்று தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தர்மகர்த்தா அவர்களே, காப்புக் கட்டுகிற நாளில் ஊர் கூடும். என் குட்டியையும் உண்ணிப் பொய்யையும் பற்றி நான் முதலில் எழுந்து சொல்லிவிடுகிறேன். அடுத்து நீங்கள் எழுந்திருங்கள். அவளை விழச் சொன்னபோது கடாவுக்கு அம்மை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அவள் காதுபட, ஊர் காதுபடப் பதில் சொல்லுங்கள்.