நத்தார் விஸ்கியும் லெனாட்டின் நாக்கும்

அற்புதராணி கட்டைவிரலைக் கணவனின் கணைக்காலில் வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. மற்றக் காலும் அதே கதைதான். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, பாதத்திலிருந்து முழங்காலை நோக்கித் தடவத் தொடங்கினாள்.

"உப்பு ஏதும் வாயிலை வைச்சனீங்களோ?"

"இல்லை."

"கால் வேறை கதை சொல்லுது."

"ஒரு துண்டுக் கருவாடு. அவ்வளவுதான்," என்றார் லெனாட். "நத்தாரும் வருது, நாக்கைக் கொஞ்சம் பழக்கவேணுமெல்லோ."

அவள் எண்ணெயை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஈரல் பழுதாகி, வயிற்றில் கட்டிய நீரை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்துவிட்ட மனிதர் அவர். ஒரு துளி மதுவும் கூடாது என்று டொக்டர் சொன்னபோது தலையாட்டியவரும் அவர்தான். ஆனால் மார்கழி வந்து கிறிஸ்து பிறப்பு நெருங்கினால் அந்தத் தலை வேறு பக்கம் ஆடும்.

குருநகரில் வள்ளமும் வலையும் இல்லாத ஆணை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. லெனாட்டிடம் இரண்டும் இருந்ததில்லை. இளவயதில் சரக்குக் கப்பலில் பரிமாறும் ஸ்ருவேட்டாகப் போய், கப்டன்மாருக்கு விஸ்கி ஊற்றிக் கொடுத்தே பல வருடங்களைக் கழித்தவர். ஊருக்கு வந்தபோது கையில் மிச்சம் பிடித்த பணம் சொற்பம். விஸ்கியைப் பற்றிய அறிவு மட்டும் நிறைய இருந்தது. வீட்டை நடத்தியது நண்டுக் கொம்பனியில் ஓடு உடைத்துச் சதை எடுத்த அற்புதராணியின் கைகள். வருடம் முழுவதும் சந்தியில் அவரை ஒருவரும் கூப்பிட்டுக் கதைப்பதில்லை. நத்தாருக்கு முன்னர் மட்டும் அவர் இல்லாமல் முடியாது.

அதற்குக் காரணம் ஒரு நேர்த்தி. அந்தத் தெரு ஆண்கள் திருவருகைக் காலம் தொடங்கினால் நடுச்சாமப் பூசை முடியும்வரை குடியைத் தொடுவதில்லை. மற்றப்படி எப்படிக் குடித்தாலும் அந்த நேர்த்தியை மட்டும் தவறவிடமாட்டார்கள். ஆனால் பூசை முடிந்து விருந்தாளிகள் வரும்போது மேசையில் ஸ்கொச் விஸ்கி இருக்கவேண்டும். விலை கையைக் கடிக்கக்கூடாது, வந்தவன் முகம் சுளிக்கவும் கூடாது. வாய் வைக்காமல் அதை எப்படித் தெரிவு செய்வது? ஆகவே மலிந்த விலையில் இரண்டு மூன்று விதம் வாங்கி லெனாட்டிடம் கொண்டுவருவார்கள். நேர்த்தி வைக்காதவர் அவர் ஒருவர்தான். எல்லாருக்குமாக அவர் குடிப்பார். அவர் சொன்ன போத்தலைத் தெரு முழுவதும் வாங்கும்.

"அட்டைப் பெட்டிக்குக் காசு குடுக்காதையுங்கோ," என்பார். "வயசு எழுதியிருக்கெண்டு மயங்காதையுங்கோ. சோடா கலக்கிற ஆக்களுக்குப் புகைமணம் உள்ளதை வாங்குங்கோ. பீப்பாயிலை வந்து இஞ்சை அடைச்சதோ, அங்கையே அடைச்சு வந்ததோ எண்டு லேபலிலை பாருங்கோ." ஒவ்வொரு போத்தலிலும் ஒரு வாய் எடுத்துச் சொல்லுவார். அந்த ஒரு வாய் அடுத்த போத்தலுக்குப் போய், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முதல் போத்தலுக்குத் திரும்பி வரும்.

போன வருடம் அப்படித் திரும்பி வந்ததன் பலனாக, திருநாளன்று கோப்பை நிறைய இரத்தமாக வாந்தி எடுத்தார். தெருவார் ஆஸ்பத்திரிக்கு முந்திரிகைப்பழம் கொண்டுவந்து பார்த்தார்கள். இந்த வருடம் திரும்பவும் போத்தல்களோடு வந்தார்கள்.

கொண்டுவந்தவர் வள்ளக்காரர் யாகப்பு. அற்புதராணி வாசல் படலையிலேயே மறித்தாள்.

"யாகப்பண்ணை, அந்தாளுக்கு ஈரல் இல்லை."

"நாக்கு இருக்கெல்லோ தங்கச்சி? மணந்து பாத்துச் சொல்லட்டும்."

"மணக்கிறதோடை நிக்கிற ஆளே?"

"அவன்ரை ஒரு சந்தோசத்தை ஏன் கெடுக்கிறாய்?" என்று சொல்லிக்கொண்டே யாகப்பு உள்ளே போய்விட்டார்.

மூன்று போத்தல்கள். ஒன்றில் கப்பல் படம், ஒன்றில் மான் தலை, மற்றது வெறும் மஞ்சள் லேபல். திறந்து ஒரு இரவு காற்றாடவிட்டுத்தான் ருசி பார்க்கவேண்டும் என்பது லெனாட்டின் சட்டம். மூடிகளைத் திருகி மேசையில் வைத்துவிட்டு, நாளைக்குப் பூசை முடிந்து வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அவர் கண்ணயர்ந்ததும் அற்புதராணி மூன்று போத்தல்களையும் கக்கூசுக்குள் கொட்டினாள். பால் விடாத வெறுந்தேத்தண்ணி ஊற்றி, துணியில் இரண்டு தரம் வடித்து, நிறம் சரிவந்ததும் ஆறவைத்து நிரப்பினாள். அவளுடைய கணக்கு எளிமையானது. தேத்தண்ணி வாயில் பட்டதும் இந்த மனிதர் யாகப்புவின் பகிடி என்று நினைத்துக் கத்துவார். யாகப்பு திருப்பிக் கத்துவார். சண்டையோடு இந்த வருகை ஒழியும்.

ஞாயிறு பூசை முடிந்து யாகப்புவோடு இன்னும் சிலர் வந்தார்கள். சுவிசிலிருந்து லீவில் வந்து நிற்கும் அற்புதராணியின் தம்பி டினேசும் வந்திருந்தான். லெனாட் சவரம் செய்து, வெள்ளைச் சேட் போட்டு, வீங்கிய வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தார். முதல் போத்தலில் ஊற்றினார். மூக்கருகே பிடித்து மணந்தார். ஒரு வாய் எடுத்தார்.

அவள் அடுப்பை விட்டு வந்து குசினி வாசலில் நின்றாள். சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை. லெனாட் வாயிலிருந்ததை மெல்ல விழுங்கினார். பிறகு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். ஒரு கண் இலேசாகச் சுருங்கியது. கலியாணம் முடித்த புதிதில், மாமியார் அறியாமல் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்த அதே பார்வை. அவருக்கு விளங்கிவிட்டது. தன் உயிரையும் காத்து, தன் மரியாதையையும் காக்க ராணி ஒரு வழி செய்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

அதன் பிறகு அவர் நடித்த நடிப்பை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"கப்பல்... புகை கூடிப்போச்சு. சோடாவுக்குச் சரி." அடுத்ததை நாக்கில் உருட்டினார். "மான் நல்ல மெதுவு. பொம்பிளையளும் கேக்கும்." மூன்றாவதைக் குடித்துக் கண்ணை மூடினார். "மஞ்சள்தான் மச்சான். இந்த விலைக்கு இதை வெல்ல வேறை இல்லை. கோயில் சுவாமிக்கும் இதையே குடு."

"சொன்னாச் சரிதான்," என்றார் யாகப்பு பெருமையாக.

"அப்ப நானும் ஒருக்காப் பாப்பம்," என்று டினேஸ் கையை நீட்டினான். "எனக்கு நேர்த்தி ஒண்டும் இல்லை."

லெனாட் போத்தலைப் பிடித்துக்கொண்டார். "நீ பிறகு குடி தம்பி."

"விடுங்கோ அத்தான்!"

பறித்து ஊற்றி ஒரே மடக்காகக் குடித்தவன், கிளாசைப் பார்த்தான். மற்றதையும் மற்றதையும் குடித்துப் பார்த்தான். பிறகு கதிரையிலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தான்.

"அத்தான், உந்தத் தேத்தண்ணிக்கு எத்தினை வயசு? எட்டோ, பன்ரண்டோ?"

போத்தல் கைமாறி மூக்குக்கு மூக்குப் போனது. சிரிப்பு பரவியது. யாகப்பு மட்டும் சிரிக்கவில்லை.

"இரவோடை இரவா மூண்டையும் குடிச்சுப்போட்டு, தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறாய். கள்ளன்! நாங்கள் நேர்த்தியிலை கிடக்க, எங்கடை சாமானை நீ குடிச்சனியோ?"

"இல்லை யாகப்பு. நான் தொடேல்லை."

"அப்ப ஆர் குடிச்சது, பூனையோ? குடிச்சதும் காணாதெண்டு சுவாமிக்கும் குடுக்கச் சொல்லுறான்!"

லெனாட் அவளைப் பார்த்தார். "ராணி," என்றார்.

எல்லாருடைய கண்களும் குசினி வாசலுக்குத் திரும்பின. கள்ளப்பட்டம் வரும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. ஒரு வசனம் போதும். நான்தான் மாற்றினேன், அவருக்கும் தெரியும். சொன்னால் அவர் தலை நிமிரும். எல்லாரும் சிரித்து முதுகில் தட்டுவார்கள். அடுத்த மார்கழி அதே போத்தல்கள் வரும், அவள் கண் அயரும் நேரம் பார்த்து. கள்ளன் என்று போனால் அவரை நம்பி ஒருவனும் ஒரு போத்தலை விடமாட்டான்.

"என்னை ஏன் கேக்கிறியள்? நான் படுத்திட்டன்," என்றாள்.

லெனாட்டின் வாய் திறந்தபடியே நின்றது. டினேஸ் கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான். யாகப்பு நிலத்தில் காறித் துப்பிவிட்டு எழும்பினார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். போகிற போக்கில் ஒருவன், "தேத்தண்ணிக் கப்டன்!" என்று கத்தியது தெரு முனைவரை கேட்டது. நத்தார் முடியுமுன்னே சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்தநாள் விடிய உப்பில்லாக் கஞ்சியோடு போனாள். அவர் நேற்றிலிருந்து எழும்பாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

"எழும்புங்கோ. மருந்துக் குளிசை போடவேணும்."

"ஒரு சொல் சொல்லியிருக்கலாம், ராணி."

"சொல்லியிருந்தால் அடுத்த வருசமும் வருவாங்கள்."

"வரட்டுமே," என்றார் லெனாட்.

அவள் கஞ்சியைக் கலக்கி ஆற்றினாள். அவர் தலையை உயர்த்தித் தலையணை வைத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தித் திறந்து, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து அடுத்த கரண்டியை வைத்தாள். கண்ணிலிருந்து வடிந்ததையும் வாயிலிருந்து வடிந்ததையும் ஒரே துவாயால் துடைத்தாள். முதுகில் புண் வராமல் மற்றப் பக்கம் புரட்டிவிட்டு, படலையை வெளியால் பூட்டிக்கொண்டு நண்டுக் கொம்பனிக்குப் போனாள். வழியில் யாகப்புவின் மனைவி முகத்தைத் திருப்பினாள். அன்று நண்டு நிறைய வந்திருந்தது. பின்னேரம்வரை குனிந்த தலை நிமிராமல் உடைத்தாள்.