கோயில் மலையில் காக்கைக்குச் சோறு

அமெரிக்காவில், சன்னிவேலில் அமாவாசையன்று எனக்குச் சிரமமே இல்லை. பின்பக்க வேலியில் சோற்றை வைத்தால் கன்னங்கரேலென்று ஒரு காக்கை வந்துவிடும். அது கொத்திய பிறகுதான் நான் சாப்பிடுவேன். அவர் போனதிலிருந்து அப்படித்தான்.

இந்தக் கோடையில் மகனும் மருமகளும் என்னைக் கிரீஸ் நாட்டுக்குக் கூட்டிப் போனார்கள். ஏதென்ஸ் பக்கத்தில் ஏஜினா என்று ஒரு தீவு. அங்கே போகக் கப்பலேறிய நாள் அமாவாசை. ஏதென்ஸில் தங்கியிருந்த வீட்டில் வடித்த சோற்றில் ஒரு பிடியை ஃபாயிலில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பினேன்.

தீவில் இறங்கியதும் சின்னதாக ஒரு வெள்ளை சர்ச், வரிசையாகப் பிஸ்தா கடைகள். அண்ணாந்து எங்கே பார்த்தாலும் புறாவும் கடற்பறவையும்தான்; காக்கையைக் காணோம்.

"அத்தை, கேமராவப் பாருங்க. மேல என்ன, ஏரோப்ளேனா?" என்றாள் மருமகள்.

பஸ்ஸில் மலைக்குப் போனோம். அங்கே கூரையில்லாத பழைய கோயில், தூண்கள் மட்டும். "பெண் தெய்வமாம், அம்மா" என்று மகன் பலகையைப் படித்துச் சொன்னான். என் காதில் ஏறவில்லை. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது.

பைன் மரத்தில் ஒரு பறவை. தலை கறுப்பு, உடம்பு சாம்பல். காக்கைதானா? குட்டைச் சுவரில் சோற்றை வைத்தேன். அது திரும்பவேயில்லை. கூப்பிட்டால்தான் வரும். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். நாலு பேர் இருந்தாலே எனக்கு வாய் வராது.

எங்கிருந்தோ ஒரு பூனை சோற்றிடம் வந்தது.

"கா... கா..." கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் ஓடி வந்து பூனையை விரட்டினாள்.

"அமாவாசையா அத்தை? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இவ்ளோ நேரம் பட்டினியா?"

பறவை இறங்கியது. ஒரு வாய் சோற்றைக் கவ்விக்கொண்டு தூண்களுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குள் மகன், பஸ் கிளம்பப் போகிறது என்று கூப்பிட்டான்.

பஸ்ஸில் மருமகள் பிஸ்தா பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். நான் பிரிக்கவில்லை.

"இன்னும் என்னம்மா?" என்றான் மகன்.

"கவ்விக்கிட்டுப் போச்சு. முழுங்குனதப் பாக்கலையே."

"அப்பா என்னிக்குமா தட்டு வச்சதும் சாப்ட்டாரு? பேப்பர் முழுக்கப் படிச்சு, சோறு ஆறினதுக்கப்புறம்தான். நீ சாப்டு."

மருமகள் சிரித்தாள். ஒரு பிஸ்தாவை உடைத்து வாயில் போட்டேன். பஸ் வளைவில் திரும்பும்வரை தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.